தொண்டை மட்டும் மரத்துப்போகும்

பயந்த நோயாளி வந்தால் ரமணியைக் கூப்பிடு. எங்கள் மருத்துவ மையத்தின் மூன்றாவது மாடியில் இது எழுதி ஒட்டப்படாத சட்டம். கிள்ளானில் பூக்கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். மூன்றாவது மாடியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பார்கள். எல்லோரும் அதை ஸ்கோப் என்பார்கள். நான் சந்திரகலா, பதிவு மேசைக்காரி. ரமணி உள்ளே டாக்டருக்கு உதவியாளர். பதினாறு வருடமாக ஒரே ஏர்கோனில் நடுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறோம்.

ரமணி காப்பார் பக்கம் பிறந்தவள். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டுவிட்டு, கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றே காலைக் கெடுத்துக்கொண்டு, எங்களிடம் தரை துடைக்கத்தான் முதலில் வந்தாள். அப்போது அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஓகேயும் தேங்க்யூவும். ஒருநாள் உள்ளே ஒரு கிழவர் படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அவர் நெற்றியைத் தடவி ஏதோ சொன்னாள். மனிதர் பேசாமல் படுத்துவிட்டார். அடுத்த மாதமே அவளுக்குச் சீருடை மாற்றிக் கொடுத்தார்கள்.

அப்போதிருந்து சீருடைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். டாக்டர் வாயிலிருந்து விழும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, யாரிடம் எப்போது சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்வாள். அகராதி பார்க்கவே மாட்டாள். மதியச் சாப்பாட்டில் எனக்குப் பாடம் நடக்கும். நம்ப் என்றால் உடம்பில் ஒரு இடத்தை மட்டும் மரக்க வைப்பது: பல், விரல், தொண்டை. செடேட் என்றால் ஆளையே முழுசாகத் தூங்க வைப்பது. செட்டில் என்றால் திமிறுகிறவரைப் படுக்க வை. ரிலாக்ஸ் எப்போதும் கட்டளை, அதைக் கேட்டு இதுவரை ஒருத்தரும் ரிலாக்ஸ் ஆனதில்லை. காம், அதாவது அமைதிப்படுத்து, பாதி நேரம் நோயாளிக்கே இல்லை, வெளியே உட்கார்ந்து கையைப் பிசையும் மகளுக்கு. இதமாக்குவதற்கான சூத் என்ற சொல்லை எந்த டாக்டரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அது களிம்பு டியூபிலும் குழந்தைப் பவுடர் டப்பாவிலும் குடியிருக்கிற சொல். பேசிஃபை எங்கள் மேனேஜரின் சொத்து, பில்லைப் பார்த்துக் கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த.

“வெள்ளக்காரன் எதுக்குக்கா இத்தன சொல்லு வச்சிருக்கான்?” என்று ஒருநாள் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனைக்கும் சேர்த்து அவள் தமிழில் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தாள் என்பது. “ஒன்னும் இல்ல அங்கிள்.” ஊசிக்கும் அதுதான், குழாய்க்கும் அதுதான், கெட்ட ரிப்போர்ட்டுக்கும் அதுதான். கேட்டவர்கள் அடங்கினார்கள். அதனால் நாங்கள் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

தம்புசாமி அங்கிள் போன வருடம் மார்ச் மாதம் வந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். நான்கு மாதத்தில் எட்டு கிலோ இறங்கியிருந்தார், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது, உடனே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் சிவநேசன். இந்த டாக்டர் யாழ்ப்பாணப் பூர்வீகம், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். பேர் தமிழ், வாய் ஆங்கிலம். வாழையிலை முன்னால் உட்கார்ந்தால் ரசம் கேட்கிற அளவுக்குத் தமிழ் வரும், அதோடு சரி. ஆனால் கைராசிக்காரர், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அங்கிளின் மகள் விஷ்ணுப்ரியா ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் என் மேசைக்கும் ரமணிக்கும் நடுவில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, மயக்க மருந்துன்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. பெரியப்பா இராமலிங்கம் ஒரு ஆபரேஷனுக்கு மயக்கத்துல படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. அன்னையிலேருந்து அந்த வார்த்தய கேட்டாலே அப்பா ஓடிருவாரு. ரெண்டு இடத்துல இப்படித்தான் பாதியில ஓடி வந்துட்டாரு. இது மூனாவது.”

“நான் பாத்துக்கறேன் தங்கச்சி,” என்றாள் ரமணி. நானும் தலையாட்டினேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமில்லை.

ஸ்கோப்புக்கு முந்தின நாள் ரமணி அவருக்கு போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “ஒன்னும் இல்ல அங்கிள். பல்லு புடுங்கறப்ப மரக்க வைப்பாங்கல்ல, அந்த மாதிரி தொண்டையில ஒரு ஸ்ப்ரே. தொண்ட மட்டும் மரத்துப்போகும். அவ்ளோதான். காலையில வெறும் வயித்தோட வந்துருங்க.” ஸ்ப்ரே அடிப்பது நிஜம்தான். அதற்குப் பிறகு கையில் ஏறும் தூக்க மருந்தைப் பற்றித்தான் அவள் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. போனை வைத்தபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

மறுநாள் காலை எட்டரைக்கு அங்கிள் சிரித்துக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. “கடைசியா எப்ப சாப்ட்டீங்க அங்கிள்?” என்று நான் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “நேத்து ராத்திரி எட்டு மணிக்கு.” எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். அப்பா அம்மாவை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு வந்தால் பிள்ளைகள்தான் பதில் சொல்வார்கள். பெரியவர்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிற்பார்கள். நானும் அதைக் கேட்டு டிக் அடித்தேன். சம்மதப் படிவத்தை நீட்டியபோது அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. “எங்கம்மா போடணும்?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிடம் கழித்துத்தான் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதைப் பார்த்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அதனால்தான் அங்கே நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அங்கிள் இடது பக்கமாகப் படுத்திருந்தார். தொண்டைக்கு ஸ்ப்ரே அடித்தாகிவிட்டது. இடது கையில் ஊசி ஏற்றி, அதன் குழாயில் டாக்டர் மருந்து நிரப்பிய சிரிஞ்சைப் பொருத்திவிட்டார், கட்டைவிரல் அமுக்கத் தயாராக இருந்தது. ரமணி வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டப் போனாள். மாட்டாமல் நின்றாள். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். நக ஓரத்தில் மஞ்சள். குனிந்தாள். ஏதோ காதில் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன், ஆனால் அவள் மோந்து பார்த்தாள்.

“அங்கிள், இன்னிக்கு பசியாறினீங்களா?”

“இல்ல லா. நேத்து ராத்திரிதான். மக சொல்லுச்சே.” ஸ்ப்ரேயில் நாக்கு தடித்துப்போய், கொழகொழவென்று பேசினார். கண் மட்டும் கதவுப் பக்கம் போய் வந்தது. கதவுக்கு வெளியே விஷ்ணுப்ரியா உட்கார்ந்திருந்தாள்.

“ரமணி, செட்டில் ஹிம்,” என்றார் டாக்டர். அன்று வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.

வயிற்றில் சாப்பாட்டோடு ஆளைத் தூங்க வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் மாடியில் தேநீர் கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும். சாப்பாடு மேலே வந்து மூச்சுக்குள் இறங்கிவிடும், ஆள் தூக்கத்திலேயே போய்விடலாம். மஞ்சள் நேற்றைய கறியாகவும் இருக்கலாம். அப்படியிருந்து ரமணி வாயைத் திறந்துவிட்டால் இவர் மூன்றாம் தடவையும் ஓடிவிடுவார், ரத்தம் கசிந்தே சாவார். பேசாமல் இருந்தால் அடுத்த நிமிடமே செத்துப்போகலாம். டாக்டரின் கட்டைவிரல் அசைந்தது.

ரமணி தன் கையை நீட்டி டாக்டரின் கையைப் பிடித்துவிட்டாள். பதினாறு வருடத்தில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“டாக்டர், வெயிட்.”

“வாட்?”

அவள் அங்கிள் பக்கம் திரும்பினாள். முட்டி போட்டு, அங்கிளின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

“அங்கிள், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். தொண்டைய மட்டும் மரக்க வைக்கல. அந்த ஊசியில இருக்கறது தூக்க மருந்து. உங்கள முழுசா தூங்க வைக்கப் போறாங்க. வயித்துல சாப்பாடு இருந்தா அது மூச்சுக் குழாயில போயிரும். நீங்க எந்திரிக்காமகூட போயிரலாம். இப்ப சொல்லுங்க. பசியாறினீங்களா இல்லயா?”

மாரில் ஒட்டிய வயர்கள் வழியாக இதயத்துடிப்பைக் காட்டும் பெட்டி எண்பத்தெட்டிலிருந்து நூற்று நான்குக்கு ஏறியது. பிறகு நூற்று இருபது. அங்கிள் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன், என்னைப் பார்க்காததற்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“ரெண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறியோட,” என்றார். “ஒரு கிளாஸ் தே தாரிக். காலையில ஆறரைக்கு. பேப்பர் வாங்கப் போறேன்னு மககிட்ட சொல்லிட்டுப் போனேன். வெறும் வயித்தோட வான்னு நீ சொன்னத நான் பெருசா எடுத்துக்கல. பல்லு புடுங்கறப்ப நல்லா சாப்ட்டுட்டு வான்னுதான் சொன்னாங்க. இதுவும் அது மாதிரின்னு நீதானே சொன்ன?”

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து மாரில் ஒட்டியிருந்த வயர்களைப் பிய்த்தார். பெட்டி அலறியது. டாக்டர் சிரிஞ்சைக் கழற்றி எடுத்துவிட்டு, “வாட் டிட் யூ டெல் ஹிம்? வாட் டிட் யூ டெல் ஹிம்?” என்று இரண்டு தடவை கேட்டார். ரமணி அவர் கையில் ஏற்றியிருந்த ஊசியை எடுத்துவிடப் போனபோது அங்கிள் அவள் கையைத் தட்டிவிட்டார். வேறொரு தாதிதான் எடுத்துவிட்டார். “என் அண்ணனையும் இப்படித்தான் ஒன்னும் இல்ல ஒன்னும் இல்லன்னு கூட்டிட்டுப் போனாங்க,” என்று சொல்லிக்கொண்டே அவர் லிஃப்டுக்காகக்கூட நிற்காமல் படியில் இறங்கினார். விஷ்ணுப்ரியா அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ரமணிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கு வாய் வார்த்தையில் ஒரு திட்டு. “நீ நோயாளிகளோட ரொம்ப நல்லா பழகற ரமணி, அதுதான் பிரச்சனை,” என்று மேனேஜர் சொன்னார். இத்தனை நாள் அந்தப் பழக்கத்தை வைத்துத்தானே ஒரு நாளைக்குப் பத்துப் பேரைத் தள்ளினீர்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரமணி என் கையைக் கிள்ளினாள். கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேலை போகிற பயம் இல்லை. அவள் கணவர் குகன் போர்க்லிப்ட் ஓட்டுகிறார், எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அவளை அரித்தது வேறு. “அக்கா, அவருக்கு இன்னும் ரத்தம் போயிட்டுத்தானே இருக்கும்?” என்று காலையிலும் கேட்டாள், மதியமும் கேட்டாள். தினமும் அவருக்கு போன் அடித்தாள். எடுக்கவில்லை. மகளைக் கேட்டால், அப்பா என்னோடேயே பேசுவதில்லை அக்கா என்று அழுதாள். அந்த நாட்களில் ரமணி ஒரு நோயாளியிடமும் ஒன்னும் இல்ல என்று சொல்லவில்லை. சொல்ல வேறு எதுவும் வராமல் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பாள். டாக்டர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் அங்கிள் போனை எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ரமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“எதுக்கு சும்மா சும்மா கூப்பிடற?”

“பயமா இருக்கு அங்கிள்.”

“உனக்கென்ன பயம்? படுக்கப் போறது நீயா?”

“நீங்க வராம இருந்து உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது என்னாலதான். நெசத்த சொல்லியிருந்தா நீங்க திட்டிட்டாவது போயிருப்பீங்க. நம்பிட்டு வந்து படுத்தீங்களே, அதுதான் என்னால தாங்க முடியல.”

அங்கிள் போனை வைத்துவிட்டார். ரமணி என் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு லிஃப்ட் திறந்தது. அங்கிள் முதலில் தனியாக வெளியே வந்தார். சட்டை இன்னும் தொளதொளவென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது. மகள் பின்னால் கார் நிறுத்திவிட்டு வந்து தூரத்திலேயே நின்றாள்.

“பசியாறல,” என்று என்னிடம் சொன்னார். “நான் சொல்றேன், எழுதிக்க. நேத்து ராத்திரி ஏழு மணி, கஞ்சி. அந்தப் பொம்பளய கூப்பிடு.”

ரமணி வந்தாள். டாக்டரும் வந்தார். அங்கிள் அவரைப் பார்க்காமல் ரமணியைப் பார்த்தே பேசினார்.

“இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லு. ஒன்னு விடாம.”

அவள் சொன்னாள். ஸ்ப்ரே, ஊசி, தூக்கம், குழாயின் நீளம், தூக்க மருந்தில் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு நேரக்கூடியது எல்லாம். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. அங்கிள் முடியும்வரை கேட்டார்.

“நீ அன்னிக்கு சொன்ன மாதிரி செய்ய முடியாதா? தொண்டய மட்டும் மரக்க வச்சு?”

ரமணி டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள். நம்ப் த த்ரோட் ஒன்லி, நோ செடேட், கேன்? டாக்டர் புருவத்தை உயர்த்தினார். முடியும், குமட்டும், கஷ்டமாக இருக்கும், ஆனால் ஐந்து பத்து நிமிட வேலை, நிறையப் பேர் அப்படிச் செய்துகொள்கிறார்கள் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. முடியுமாம்! முதல் நாளிலிருந்தே முடிந்திருக்கிறது. அவரைச் சமாதானப்படுத்துவதில் அத்தனை பேரும் முனைந்து நின்றோமே ஒழிய, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று ஒருத்தர்கூட அந்த மனிதரைக் கேட்கவில்லை.

இந்தத் தடவை அவரே என்னை உள்ளே நிற்கச் சொன்னார், சாட்சிக்காம். ரமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப கசக்கும்,” என்றாள். “இப்ப எச்சி முழுங்க முடியாத மாதிரி இருக்கும், ஆனா முடியும்.” குழாய் உள்ளே போனது. அவர் உடம்பு வில்லாக வளைந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “வாந்தி வர மாதிரி இருக்கும் அங்கிள். இன்னும் மோசமாகும். ஒரு நிமிஷத்துக்கு.” அவள் சொன்ன மாதிரியே மோசமானது. அவள் விரல்கள் அவர் பிடியில் வெளுத்துப்போயின. “பாதி ஆச்சு,” என்றாள். பாதிதான் ஆகியிருந்தது. பெட்டி நூற்றுப் பத்தில் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

திரையில் வயிற்றின் சுவரில் ஒரு புண் தெரிந்தது. ஓரம் கரடுமுரடாக, நடுவில் கறுப்பாக. டாக்டர் சின்ன இடுக்கியால் ஐந்தாறு இடத்தில் சதை கிள்ளி எடுத்தார். கசிந்த இடத்தை அடைத்தார். குழாயை உருவியதும் அங்கிள் மல்லாந்து மூச்சு வாங்கினார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ரமணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், ஆங்கிலத்தில். எனக்கு ஐயமாக இருக்கிறது, பரிசோதனை முடிவு வரட்டும், இப்போதைக்கு அவரைப் பயமுறுத்த வேண்டாம். “ஜஸ்ட் கீப் ஹிம் காம்.”

அங்கிள் கண்ணைத் திறந்தார். நாக்கு இன்னும் தடித்திருந்தது. “என்னவாம்?” என்றார்.

ரமணி டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் தானாக அந்தப் பழைய வார்த்தைக்குக் குவிந்ததை நான் கண்டேன். பதினாறு வருடப் பழக்கம்.

“புண்ணு இருக்கு அங்கிள்,” என்றாள். “ரத்தம் கசிஞ்ச எடத்த அடச்சிட்டாங்க. புத்துநோயா இருக்குமோன்னு டாக்டருக்கு சந்தேகம். சதை எடுத்திருக்காங்க. ஒரு வாரம் ஆகும் தெரியறதுக்கு. அதுவரைக்கும் எங்களுக்கும் தெரியாது.”

டாக்டருக்கு ரசம் கேட்கிற தமிழ்தான் வரும், ஆனாலும் புற்றுநோய் என்ற அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். தடுக்கவில்லை.

அங்கிள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பெட்டியில் எண் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்று. எண்பத்தைந்து. அவர் ரமணியின் கையை இன்னும் விடவில்லை.

“சரி,” என்றார் கடைசியில். “இப்ப பசியாறலாமா?”

“ஒரு மணி நேரம் ஆகும் அங்கிள். தொண்ட இன்னும் மரத்திருக்கு.”

“அது நெசமா?”

“நெசம்தான்,” என்றாள் ரமணி. அவர் தலையாட்டினார். அந்த ஒரு மணி நேரமும் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.